யார் குரலில் பாடுகிறான் சாகேத் ராம்? ‘ஹே ராம்’ படத்தில் இசைக் கலப்பும் பாடும் நடிகரும்

1. கேள்வி

கமல்ஹாசன் எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்த ‘ஹே ராம்’ 2000 பிப்ரவரியில் தமிழிலும் இந்தியிலும் வெளிவந்தது. காந்தி கொலை, பிரிவினை, மதவெறி அரசியல் ஆகியவற்றை அந்தப் படம் கையாண்ட விதம் பற்றி அன்றிலிருந்து வாதங்கள் ஓயவில்லை. அதன் இசையைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் ஒரே கதையைச் சுற்றி வருகிறது: ஏற்கெனவே படமாக்கப்பட்டுவிட்ட காட்சிகளுக்கு, நடிகர்களின் உதட்டசைவுக்குப் பொருந்தும்படி இளையராஜா புதிய மெட்டுகளை அமைத்தார் என்பதே அந்தக் கதை. அது வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் அந்த வியப்பு, பாடல்களை ஒன்றோடொன்று வைத்துக் கேட்கும் வேலையை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டுவிட்டது.

ஒன்றாக வைத்துக் கேட்டால் இரண்டு விஷயங்கள் உடனே காதில் விழுகின்றன. முதலாவது, இந்தப் பாடல்கள் எந்த ஒரு இசைவகைக்குள்ளும் அடங்குவதில்லை. வங்கக் கவிதை, மராட்டிய லாவணி, குஜராத்தி பஜனை, ஆண்டாள் பாசுரம், இந்துஸ்தானி கச்சேரிப் பாணி, மந்திர உச்சாடனம், மேற்கத்திய வாத்தியக் குழு என்று எல்லாம் ஒரே படத்துக்குள் இருக்கின்றன. இரண்டாவது, கதாநாயகன் சாகேத் ராமுக்கு ஒரே குரல் இல்லை. சில இடங்களில் கமல்ஹாசனே பாடுகிறார். மிக முக்கியமான காதல் பாட்டில் ஹரிஹரன் பாடுகிறார்.

நன்றாகப் பாடத் தெரிந்த ஒரு நடிகர், தானே இயக்கும் படத்தில், எங்கே தன் குரலைக் கொடுக்கிறார், எங்கே விலக்கிக்கொள்கிறார்? இசைவகைகளின் கலப்புக்கும் இந்தக் குரல் பங்கீட்டுக்கும் தொடர்பு உண்டா? இந்தக் கட்டுரை ஆராய்வது இதைத்தான்.

2. பாடும் நடிகர்: ஒரு மரபும் அதன் முறிவும்

தமிழ்ப் பேசும்படத்தின் முதல் தலைமுறைக்கு இப்படியொரு கேள்வியே எழுந்திருக்காது. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தில் நடித்த டி.பி. ராஜலட்சுமி மேடையிலிருந்து வந்தவர், நடித்தவரே பாடினார். பாய்ஸ் கம்பெனிகளும் இசை நாடக மேடையும் வளர்த்த கலைஞர்கள் அப்படியே திரைக்கு வந்தார்கள். திரைப்பட வரலாற்றாய்வாளர் தியடோர் பாஸ்கரன் தம் நூல்களில் விரிவாகக் காட்டியிருப்பதுபோல், ஆரம்பகாலத் தமிழ் சினிமா நாடக மேடையின் நீட்சியாகவே இருந்தது. அந்த மேடைக்கு உயிர் பாட்டு.

1934இல் ‘பவளக்கொடி’ வழியாக எம்.கே. தியாகராஜ பாகவதர் வந்தார். 1935இல் ‘நந்தனார்’ வேடத்துக்காகக் கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. அதே படத்தில் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். முசிறி சுப்பிரமணிய ஐயர் துக்காராமாகவும், ஜி.என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாகவும், தண்டபாணி தேசிகர் பட்டினத்தாராகவும் திரையில் தோன்றியது இந்தச் சூழலில்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சேவாசதனம்’ (1938), ‘சகுந்தலை’ (1940) வழியாக ‘மீரா’ (1945) வரை வந்தார். கச்சேரி மேடையின் குரலும் திரையின் முகமும் ஒருவருடையதாகவே இருந்த காலம் அது.

இந்தப் பொருத்தத்துக்குக் கலைப் பயனோடு சமூகப் பயனும் இருந்தது. பாடுபவரும் நடிப்பவரும் ஒருவரே என்பதால், பாத்திரத்தின் பக்தியும் பாடுபவரின் பக்தியும் ரசிகர் மனத்தில் ஒன்றாகின. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடியபோது மக்கள் கேட்டது நந்தனாரின் குரலையும்தான். பின்னர் அவர் சென்னை மாகாண மேலவையில் உறுப்பினரானார். ‘மீரா’ சுப்புலட்சுமியின் பஜனைகள் திரையரங்குக்கு வெளியே வழிபாட்டுப் பாடல்களாகவே வாழ்ந்தன. பாடும் நடிகரின் குரலை மக்கள் ஒரு வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள்.

முறிவு தொழில்நுட்பத்திலிருந்து தொடங்கியது. 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் நடிக்க, இன்னொருவர் குரலைத் தனியாகப் பதிவு செய்து சேர்க்கும் முறை தமிழில் முதன்முதலாகக் கையாளப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதுவே விதியாயிற்று. டி.ஆர். மகாலிங்கம், பி. பானுமதி, ஜே.பி. சந்திரபாபு போன்ற சிலர் தம் குரலில் தொடர்ந்து பாடினாலும், அவர்கள் விதிவிலக்குகளாகவே கருதப்பட்டார்கள். டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் வெவ்வேறு சாயலில் பாடி, இரவல் குரலே பாத்திரத்தின் உண்மையான குரல் என்று ரசிகரை நம்பவைத்தார். அந்த நம்பிக்கை முழுமையடைந்தபின், நடிகர் தாமே பாடுவது ஒரு செய்தியாக மாறியது. 1969இல் ‘அடிமைப் பெண்’ படத்தில் ஜெயலலிதா பாடியது அப்படியொரு செய்தி.

இன்றைய நிலை இதன் தொடர்ச்சி. விஜய் ‘ரசிகன்’ (1994) முதல் பாடி வருகிறார். தனுஷ் பாடிய ‘வொய் திஸ் கொலவெறி டி’ 2011இல் இணையத்தில் பரவி, 2012இல் வந்த ‘3’ படத்துக்கு நாடு முழுவதும் விளம்பரம் தேடித் தந்தது. ஆகவே, நடிகர் பாடுவது ரசிகர்களுக்கான விருந்து, வணிகக் கூடுதல் மதிப்பு என்ற புரிதல் பொதுவாக நிலவுகிறது. பல படங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ‘ஹே ராம்’ படத்துக்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

3. கமல்ஹாசன்: இரவல் குரலும் சொந்தக் குரலும்

இந்த இரண்டு மரபுகளும் கமல்ஹாசனிடம் சந்திக்கின்றன. ‘களத்தூர் கண்ணம்மா’ (1960) படத்தில் சிறுவனாக அவர் வாயசைத்த பாட்டைப் பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி. திரை வாழ்க்கையின் முதல் பாட்டே இரவல் குரல். அதன்பின் அவர் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் பயின்றார். நடிகர் பாடியே ஆகவேண்டும் என்ற பழைய மேடைப் பள்ளியின் கடைசி மாணவர்களில் ஒருவர் அவர். எம். பாலமுரளிகிருஷ்ணாவிடம் கர்நாடக இசையும் கற்றார்.

1975இல் ‘அந்தரங்கம்’ படத்துக்காக ஜி. தேவராஜன் இசையில் முதன்முதலாகப் பாடினார். 1978இல் இளையராஜா இசையில் ‘அவள் அப்படித்தான்’, ‘சிகப்பு ரோஜாக்கள்’ ஆகிய படங்களில் அவர் குரல் ஒலித்தது. ‘நாயகன்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’, ‘குணா’, ‘தேவர் மகன்’ என்று அந்தக் கூட்டணி தொடர்ந்தது.

இந்தப் பாடல்களைக் கூர்ந்து கேட்டால் ஓர் ஒழுங்கு புலப்படும். ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் பாலக்காட்டுச் சமையற்காரரின் பேச்சு வழக்கிலேயே பாட்டு நடக்கிறது. ‘குணா’வில் பாட்டின் பாதி, கடிதம் சொல்லச் சொல்ல எழுதப்படும் பேச்சு. ‘தேவர் மகன்’ படத்தில் எஸ். ஜானகிக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த பாட்டு, கதைக்குள்ளேயே ஒரு கிராமத்துப் பெண் கணவனுக்குப் பாடிக் காட்டும் பாட்டு. அவனும் அதே மெட்டை எடுத்துப் பாடுகிறான். பாத்திரத்தின் பேச்சும் பாட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடங்களில்தான் கமல்ஹாசனின் குரல் மிகச் சிறப்பாகப் பயன்பட்டிருக்கிறது. நுணுக்கமான சங்கதிகளைவிட, பேச்சிலிருந்து நழுவிப் பாட்டுக்குள் போகும் லாகவமே அந்தக் குரலின் பலம்.

காதல் பாட்டுகள் பாடி நிறுவப்பட்ட குரல் என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். ‘ஹே ராம்’ படத்தின் காதல் பாட்டு வேறொருவருக்குப் போனதற்குத் திறமையின்மையைக் காரணம் சொல்ல முடியாது.

4. இசை உருவான விதம்

‘ஹே ராம்’ படத்துக்கு முதலில் இசையமைக்க ஒப்பந்தமானவர் வயலின் மேதை எல். சுப்பிரமணியம். அவர் மெட்டமைத்த பாடல்களை வைத்துக் காட்சிகள் படமாக்கப்பட்டன. பின்னர் அவர் விலக நேர்ந்தது. மறுபடியும் படம்பிடிப்பது பெருஞ்செலவாகும் என்ற நிலையில், இருக்கும் காட்சிகளுக்கே புதிய பாடல்களை அமைத்துத் தருவதாக இளையராஜா முன்வந்தார். வாயசைப்பின் நீளம், நடன அசைவின் காலப் பிரமாணம், வெட்டுகளின் இடம் எல்லாமே முன்கூட்டி முடிவாகிவிட்ட நிலையில் மெட்டுகள் பிறந்தன. இரண்டு மொழிகளிலும் இதே நிபந்தனை. பின்னணி இசைக்காக ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் மேற்கத்திய இசைக்குழுவோடு ஒலிப்பதிவு நடந்தது.

இந்த வரலாற்றிலிருந்து ஆய்வாளர் ஓர் எச்சரிக்கையைப் பெற வேண்டும். எந்தக் காட்சியில் லாவணி, எந்தக் காட்சியில் பஜனை, எங்கே கேளிக்கைப் பாட்டு என்பவை திரைக்கதையிலும் படப்பிடிப்பிலும் முடிவானவை. ஆகவே இசைவகைக் கலப்பின் பெருமை முழுவதையும் இசையமைப்பாளர் ஒருவர் பேரில் எழுதிவிட முடியாது. அது இயக்குநரின் வரைபடம். அந்த வரைபடத்துக்குள் ஒவ்வொரு ஊருக்கும் உரிய ஒலியைத் தேடித் தந்ததும், அவை சிதறாமல் ஒரே படத்தின் இசையாக ஒட்டி நிற்கச் செய்ததும் இளையராஜாவின் பணி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இரண்டின் அருமையும் தெரியும்.

5. ஊர்களின் ஒலி

கதை கராச்சியில் தொடங்கிக் கல்கத்தா, தமிழகம், மராட்டியம், காசி, டெல்லி என்று நாட்டின் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறது. பாடல்களும் கூடவே பயணப்படுகின்றன. ஆனால் அவை ஊர்ப் பெயர்ப்பலகைகளாக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் சாகேத் ராம் என்ற மனிதனுக்கு ஒன்றைத் தருகிறது அல்லது அவனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

கல்கத்தா வீட்டில் அபர்ணாவும் ராமும் பாடும் ‘நீ பார்த்த’ பாடலைக் கமல்ஹாசன் எழுதியிருக்கிறார். ஹரிஹரனும் ஆஷா போஸ்லேயும் பாடுகிறார்கள். பாட்டுக்குள் நுழைவதற்கு முன் ஜீவனானந்த தாஸின் வங்கக் கவிதை ராணி முகர்ஜியின் குரலில் வாசிக்கப்படுகிறது. தமிழ்க் கணவனும் வங்க மனைவியும் வாழும் வீட்டில் இரண்டு மொழிகளும் ஒரே பாட்டுக்குள் குடியிருக்கின்றன. சற்று நேரத்தில் 1946 ஆகஸ்ட் கலவரம் அந்த வீட்டுக்குள் புகுகிறது. அபர்ணா வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்படுகிறாள். இந்தப் பாட்டு அளிக்கும் இதம், பின்னால் வரும் வெறியின் அளவைக் கேட்பவருக்குப் புரியவைக்கிறது.

தமிழகத்தில் ராமின் இரண்டாவது திருமணம் நடக்கிறது. மணமகள் மைதிலி, காந்தியிடம் பற்றுக் கொண்டவள். அவளோடு இணைந்து வருபவை நரசிங் மேத்தாவின் ‘வைஷ்ணவ ஜனதோ’வும் ஆண்டாளின் ‘வாரணம் ஆயிர’மும். முதலாவது, 15ஆம் நூற்றாண்டுக் குஜராத்திப் பாடல். காந்தியின் வழிபாட்டுக் கூட்டங்கள் அதை நாடெங்கும் கொண்டுசென்றன. இரண்டாவது, நாச்சியார் திருமொழியில் உள்ள கனவுத் திருமணப் பாசுரம். வைணவ இல்லத் திருமணங்களில் இன்றும் ஓதப்படுவது. இரண்டையும் ஒரே இழையில் கோப்பதன் மூலம் படம் ஒரு முக்கியமான வாதத்தை வைக்கிறது. ஐயங்கார் வீட்டின் சம்பிரதாயமும் காந்தியின் வைணவமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிறர் துயர் உணர்வதே வைணவம் என்னும் அறத்தின் நடுவேதான் துப்பாக்கியைத் தேடிப் போகும் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். இந்த முரணைச் சொல்ல வசனம் தேவைப்படவில்லை.

மராட்டியத்துக்குக் கதை நகரும்போது இசை இரண்டாகப் பிரிகிறது. அஜய் சக்ரவர்த்தி பாடும் ‘இசையில் தொடங்குதம்மா’ ஒருபுறம். பாட்டியாலா கரானா மரபில் வந்த வங்கக் கலைஞர், இளையராஜா எழுதிய தமிழ் வரிகளை இந்துஸ்தானி பாணியில், மராட்டிய மகாராஜாவின் கொண்டாட்டத்துக்காகப் பாடுகிறார். எத்தனை எல்லைகள் ஒரே பாட்டில் கரைகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அரண்மனையிலேயே காந்தியைக் கொல்லும் வெறுப்பின் திட்டமும் தீட்டப்படுகிறது. இசை எல்லைகளை அழிக்கும் இடத்திலேயே அரசியல் எல்லைகளைக் கூர்மையாக்குகிறது.

மறுபுறம் ‘பொல்லாத மதன பாணம்’. அனுபமா தேஷ்பாண்டேயின் மராட்டிக் குரலில் லாவணி துள்ளுகிறது. மகாலட்சுமி ஐயரின் குரலில் தமிழ் தொடர்கிறது. மராட்டிய வரிகளை எழுதியவர் அந்த மொழியின் புகழ்பெற்ற திரைப் பாடலாசிரியர் ஜகதீஷ் கேபுட்கர். போதை மயக்கத்தில் இருக்கும் ராமுக்கு, தன் அணைப்பில் உள்ள மனைவியே துப்பாக்கியாக மாறித் தெரிகிறாள். காமத்தின் பாட்டு வன்முறையின் பாட்டாகத் திரியும் இந்த இடம், தமிழ்த் திரையில் பாடல் காட்சி எட்டிய மிகத் துணிச்சலான இடங்களில் ஒன்று.

6. குரல் எங்கே கொடுக்கப்படுகிறது

முந்தைய பகுதியில் சொன்ன எந்தப் பாட்டிலும் கமல்ஹாசன் பாடவில்லை. அவர் குரல் ஒலிப்பவை மூன்று: ‘ராமரானாலும் பாபரானாலும்’, ‘சன்யாஸ மந்திரம்’, ‘ராம் ராம்’. இந்த மூன்றையும் வரிசையாக வைத்தால் சாகேத் ராமின் மனப் பயணம் முழுவதும் கிடைத்துவிடுகிறது.

முதலாவது, கராச்சியில் நண்பர்கள் கூடிக் குடித்துக் களிக்கும் பாட்டு. மொகஞ்சதாரோ அகழாய்வு நின்றுபோன பின், ராமும் அவன் நண்பன் அம்ஜதும் மற்றவர்களும் பிரிவதற்கு முன் கூடுகிறார்கள். ராமரையும் பாபரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் இந்த விளையாட்டுப் பாட்டில் ஜாலி முகர்ஜியும் சேர்ந்து பாடுகிறார். மேலோட்டமாகக் கேட்டால் கேளிக்கைப் பாட்டு. ஆனால் படத்தின் சட்டகத்தோடு சேர்த்துக் கேட்டால் அதன் எடை கூடுகிறது. படம் தொடங்குவது 1999 டிசம்பர் 6 அன்று. பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஏழு ஆண்டுகள் நிறைந்த நாள். மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவரின் நினைவிலிருந்து இளமைக் கராச்சி எழுகிறது. இரண்டு பெயர்களையும் சொல்லிச் சிரிக்க முடிந்த ஒரு காலம் இருந்தது என்று, வாழ்ந்து பார்த்த மனிதனின் குரலே சொல்கிறது. இந்தக் குரல் இரவலாக இருந்திருந்தால் அது வெறும் கூத்தாகவே நின்றிருக்கும்.

இரண்டாவது, துறவு. வீட்டையும் மனைவியையும் விட்டு, கொலைக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் கட்டத்தில் ஒலிக்கும் உச்சாடனம். கராச்சியில் கூட்டத்தோடு பாடிய அதே குரல் இங்கே தனியாக நிற்கிறது. தாளக் குதூகலம் இல்லை. துணைக் குரல் இல்லை. சடங்கின் மொழி அவனைத் தூய்மைப்படுத்துகிறதா, வெறியை மெருகேற்றுகிறதா என்று கேட்பவர் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றம் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது. புனித ஒலியின் மீது கேட்பவருக்கு இயல்பாக உள்ள மரியாதையையே படம் சோதித்துப் பார்க்கிறது.

மூன்றாவது, ராம நாமத்தைச் சுற்றி எழும் தலைப்புப் பாட்டு. இதில் மகள் ஸ்ருதி ஹாசனும் பாடுகிறார். அப்போது அவர் பதின்பருவத்தின் தொடக்கத்தில் இருந்தவர். படத்தில் சிறு வேடத்திலும் தோன்றுகிறார். தாத்தாவின் கதையைப் பேரன் கேட்கும் சட்டகம் கொண்ட படத்தில், தந்தையும் மகளும் ஒரே நாமத்தைப் பாடுவது பொருத்தமான அமைப்பு. காந்தியின் இறுதிச் சொற்களாகப் பரவலாக அறியப்பட்டவை அடுத்த தலைமுறையின் குரலுக்குள் போகின்றன.

களிப்பு, வெறி, கேள்வி ஆகிய இந்த மூன்று நிலைகளிலும் சாகேத் ராம் தன் நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறான். காதலைப் பற்றிப் பேசும்போது திரையிசையின் வழக்கப்படி ஹரிஹரனின் பண்பட்ட குரலைக் கடன் வாங்குகிறான். காதல் யாருக்கும் பொதுவானது. அதைப் பொதுக் குரல் ஒன்று பாடலாம். ராமனைப் பற்றியும் பாபரைப் பற்றியும் அவன் என்ன நினைத்தான் என்பதற்கு அவனே பொறுப்பேற்க வேண்டும். பழைய பாடும் நடிகரின் குரலுக்கு இருந்த வாக்குமூலத் தன்மையை இந்தப் படம் மீட்டெடுத்து, தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் பயன்படுத்துகிறது.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து வலுச்சேர்ப்பவர் வசுந்தரா தாஸ். மைதிலியாக நடித்த அவர் அப்போதே அறியப்பட்ட பாடகி. 1999இல் வந்த ‘முதல்வன்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் அவர் பாடிய ‘ஷக்கலக்க பேபி’ பெரும் வெற்றி பெற்றிருந்தது. ஆனால் ‘ஹே ராம்’ படத்தில் மைதிலிக்கு விபா சர்மா குரல் கொடுத்தார். பாடத் தெரிந்த நடிகைக்கு இரவல் குரல்! நடிகர் பாடுவதை வணிகக் கூடுதலாக மட்டும் இந்தப் படம் நினைத்திருந்தால், இந்த வாய்ப்பை விட்டிருக்காது. 1940களின் ஐயங்கார் வீட்டுப் பெண்ணுக்குப் பயிற்சி பெற்ற மரபுக் குரல் தேவைப்பட்டது. பாப் பாடகியின் புகழ் தேவைப்படவில்லை.

கவிஞர் வாலியும் இங்கே குறிப்பிடத்தக்கவர். படத்துக்குப் பாட்டெழுதிய அவரே குடும்பப் பெரியவர் பாஷ்யம் ஐயங்காராக நடித்தார். எழுதுபவர் நடிக்கிறார், நடிப்பவர் எழுதுகிறார், பாடுகிறார், பாடுபவர் பாடாமல் நடிக்கிறார். பணிகளின் எல்லைகள் இத்தனை குழைந்திருக்கும் ஒரு படத்தில் குரல் பங்கீடு தற்செயலாக நடந்திருக்கும் என்று கொள்வது கடினம்.

7. மாற்று விளக்கங்கள்

இந்த வாசிப்புக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை எடைபோட வேண்டும்.

முதல் மறுப்பு நடைமுறை சார்ந்தது. முன்பே படமாக்கப்பட்ட உதட்டசைவுக்குப் பாட வேண்டுமென்றால், அந்த உதடுகளின் சொந்தக்காரரே பாடுவது எளிது. இது ‘ராமரானாலும்’ பாடலுக்குப் பொருந்தலாம். ஆனால் அதே நிபந்தனை ‘நீ பார்த்த’ பாடலுக்கும் இருந்தது. அங்கே ஹரிஹரன் பாடினார். ஆகவே வாயசைப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு சந்தை சார்ந்தது. இந்தியிலும் வெளியாகும் படத்துக்கு ஹரிஹரன், ஆஷா போஸ்லே என்ற பெயர்கள் வலுச் சேர்க்கும். காதல் பாட்டுதான் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் முதலில் ஓடும். இந்த வாதத்தை முற்றாகத் தள்ள முடியாது. சந்தைக் காரணமும் கலைக் காரணமும் ஒரே முடிவுக்குக் கொண்டுவந்து விடுவது திரைப்படத் தொழிலில் அடிக்கடி நடப்பதே. ஆயினும், சந்தைக் கணக்கு காதல் பாட்டை விளக்குகிறதே தவிர, மந்திர உச்சாடனத்தை விளக்கவில்லை. வானொலியில் ஓட வாய்ப்பே இல்லாத ஒரு பகுதிக்கு நட்சத்திரம் தன் குரலைக் கொடுத்ததற்குக் கதைக்குள்தான் காரணம் தேட வேண்டும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. தன் குரலை நம்பிக்கைக்கும் மனசாட்சிக்கும் ஒதுக்கிக்கொள்வதன் மூலம், கமல்ஹாசன் பாத்திரத்தையும் தன்னையும் ஒன்றாக்கிக்கொள்கிறார். வரலாற்றுப் படம் ஒரு தனிமனிதனின் பிரகடனமாகச் சுருங்குகிறது என்று ஒருவர் வாதிடலாம். இதில் உண்மை உண்டு. தன் நாத்திகத்தை வெளிப்படையாகச் சொல்லிவந்த ஒரு நடிகர் ராம நாமத்தைப் பாடும்போது, கேட்பவர் இரண்டு பேரையும் சேர்த்தே கேட்கிறார். ஆனால் அப்படி இருவரையும் சேர்த்துக் கேட்பதுதான் படத்துக்கு உரம். நம்பிக்கையாளரின் குரலில் அந்த நாமம் வழிபாடாக முடிந்திருக்கும். இந்தக் குரலில் அது விசாரணையாகத் தொடர்கிறது. சுந்தராம்பாளிடம் குரலும் நம்பிக்கையும் பொருந்தியதால் கிடைத்த வலிமை, இங்கே அவை பொருந்தாததால் கிடைக்கிறது. பழைய மரபு அப்படியே திரும்பி வரவில்லை; தலைகீழாகி வந்திருக்கிறது.

8. ஓர் ஒப்பீடு

அடுத்த ஆண்டே, 2001இல், ஆஸ்திரேலிய இயக்குநர் பாஸ் லூர்மன் ‘மூலான் ரூஷ்’ படத்தை எடுத்தார். 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் உள்ள பாரிஸ் நகரில், 20ஆம் நூற்றாண்டின் பாப் பாடல்களைப் பாத்திரங்கள் பாடுகின்றன. எல்டன் ஜானின் மெல்லிசைப் பாட்டு, ‘போலீஸ்’ குழுவின் ராக் பாட்டோடு இணைந்த அர்ஜென்டினா டேங்கோ, 1998இல் வந்த ‘சைனா கேட்’ இந்திப் படத்தின் ‘சம்மா சம்மா’ எல்லாம் அதில் உண்டு. நிக்கோல் கிட்மன், யுவான் மெக்ரெகர், ஜிம் பிராட்பென்ட் ஆகிய நடிகர்கள் தாமே பாடினார்கள். இந்தியத் திரைப்படங்களிலிருந்து உந்துதல் பெற்றதை லூர்மன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு படங்களிலும் இசைவகைகள் கலக்கின்றன. இரண்டிலும் நடிகர்கள் பாடுகிறார்கள். வேறுபாடு ஆழமானது. ‘மூலான் ரூஷ்’ படத்தில் இசைவகைகள் காலத்தையும் இடத்தையும் கடந்து வந்து சேர்கின்றன. பாடும் நடிகர்கள் அந்தக் களேபரத்துக்கு மனித முகம் தருகிறார்கள். பயிற்சி பெற்ற பாடகருக்கு இல்லாத பிசிறும் பதற்றமும் அவர்களுடைய குரலில் காதலின் நிஜமாகின்றன. ‘ஹே ராம்’ படத்தில் ஒவ்வொரு இசைவகைக்கும் அதன் ஊரும் சமூகமும் சடங்கும் உண்டு. எதுவும் தன் மண்ணை விட்டுப் பறிக்கப்படவில்லை. இங்கே காதலுக்கு இரவல் குரல் போதும். நடிகரின் சொந்தக் குரல் அரசியலுக்குத் தேவைப்படுகிறது. மேற்கத்திய இசைப் படத்தில் நடிகர் பாடுவதே இயல்பு, இரவல் குரல் மறைக்கப்பட வேண்டிய ஒன்று. இந்தியாவில் பின்னணிப் பாடகரின் பெயர் பகிரங்கமானது, கொண்டாடப்படுவது. அதனால்தான் சொந்தக் குரலுக்கும் இரவல் குரலுக்கும் இடையே மாறி மாறிப் போவதையே ஓர் உத்தியாக்கும் வசதி இந்தியப் படத்துக்கு வாய்க்கிறது. இந்த வசதியை முழுப் பிரக்ஞையோடு பயன்படுத்திய படங்கள் நம்மிடம் மிகக் குறைவு.

9. கண்டடைந்தவை

‘ஹே ராம்’ பாடல்களில் இசைவகைக் கலப்பு நாட்டின் பன்மையைக் காட்சிக்கு வைப்பதோடு முடிந்துவிடவில்லை. அந்தப் பன்மை ஒரு மனிதனின் செவியில் எப்படி விழுந்தது, எந்தக் கட்டத்தில் அவன் அதற்குச் செவிடானான் என்பதை அது காட்டுகிறது. வங்கக் கவிதையும் ஆண்டாள் பாசுரமும் குஜராத்தி பஜனையும் மற்றவர்கள் அவனுக்குத் தந்தவை. அவற்றை மற்றவர்களின் குரல்களே பாடுகின்றன. அவன் தன் வாயால் பாடுபவை அவன் எடுத்த நிலைப்பாடுகள். கலப்பும் குரல் பங்கீடும் ஒரே திட்டத்தின் இரண்டு பக்கங்கள் என்று கொள்ள இது போதிய ஆதாரம்.

பாடும் நடிகர் மரபு 1950களோடு முடிந்துபோனது என்ற வரலாற்று எழுத்தையும் இது சற்றே திருத்துகிறது. முடிந்தது கட்டாயம், மரபு ஒரு தேர்வாக எஞ்சியது. அந்தத் தேர்வு எப்போது வணிகமாக மட்டும் இருக்கிறது, எப்போது கதையின் உறுப்பாகிறது என்பதைப் படம் படமாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இளையராஜா இசையில் கமல்ஹாசன் பாடிய ‘விருமாண்டி’ (2004) இதற்கு அடுத்து எடுத்துக்கொள்ளத்தக்க களம். ஒரே நிகழ்வை இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொல்லும் அந்தப் படத்தில், நாயகன் தன் குரலில் பாடும் பாட்டுகள் யாருடைய சாட்சியத்துக்குள் வருகின்றன என்ற கேள்வியிலிருந்து அந்த ஆய்வு தொடங்கலாம்.